சும்மா இருக்கும்போது செய்

பூர்ணிமாவுக்கு அந்தக் குப்பத்துக்குப் போகக் கால் வரவில்லை. வீராம்பட்டினத்தைத் தாண்டித் தெற்கே, எண்பது வீடும் ஒரு அம்மன் கோயிலுமாக இருக்கிற சின்ன மீனவக் குப்பம் அது. ஒரு வருஷமாகப் போய்வந்து பழகிய இடம்தான். போனால் கை நனைக்காமல் அனுப்ப மாட்டார்கள், அப்படிப்பட்ட ஜனங்கள். இப்போது அங்கே ஒரு சாவு விழுந்து பதினெட்டு நாளாகிறது. அதற்குத் தான்தான் காரணம் என்பது பூர்ணிமாவுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது. ஊர் அந்தப் பழியைத் தூக்கிக் கமலவேணியின் தலையில் கட்டிவிட்டது.

கமலவேணி யாரென்றால், செத்துப்போன தணிகாசலத்தின் கூடப்பிறந்த அக்கா. கோயிலை ஒட்டின ஒற்றை அறையில் தகவல் மையம் என்று ஒன்று நடந்தது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு டெலிபோன் லைன், ஒரு மைக். வெளியே கம்பத்தில் நாலு குழாய் ஸ்பீக்கர். பிளஸ் டூ முடித்த கமலவேணி அதைப் பார்த்துக்கொண்டாள். தினம் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஸ்கிரீனில் இருப்பதை மைக்கில் படிப்பாள். நாளைக்கு அலை எத்தனை மீட்டர், காற்று எந்தத் திசை, என்ன வேகம். கணீரென்ற குரல். வலை உதறுகிறவனும் கேட்பான், சீட்டாடுகிறவனும் கேட்பான். அவள் படித்ததை வைத்துத்தான் விடியற்காலையில் போட்டைத் தள்ளுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பார்கள்.

அந்த ஸ்கிரீனில் வருவதையெல்லாம் வரவழைக்கிற புரோகிராமை எழுதினவள் பூர்ணிமா. முதலியார்பேட்டைப் பெண். அப்பா மில் தொழிலாளி. மில்லை மூடின பிறகு எலெக்ட்ரிக் கடையில் நின்று மகளை எம்.சி.ஏ. படிக்கவைத்தார். உள்ளூரிலேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், தகர ஷெட்டுகளுக்கு நடுவே ஒரு மாடியில், ஆறு பேர் வேலை பார்க்கும் சின்ன கம்பெனியில் சேர்ந்தாள். முதலாளி பெயர் ஹரிகிருஷ்ணன். இந்தச் சாவெல்லாம் நடந்தது இரண்டாயிரத்து ஆறில்.

புரோகிராமைப் பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதினாள். யாரோ எழுதி இலவசமாகப் போட்டிருந்த ஒரு லைப்ரரியையும், அதாவது தயாராக இருந்த புரோகிராம் தொகுப்பு ஒன்றையும், அதோடு சேர்த்துக்கொண்டாள். அந்த லைப்ரரியின் சங்கதி இதுதான். மெஷினுக்குள்ளே உழைக்கிற ஆள் ஒருத்தன், வேலையோ நாலைந்து. பாட்டுப் போடுகிற வேலை, மைக்கைக் கவனிக்கிற வேலை, மீன் விலை காட்டுகிற வேலை எல்லாம் வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றும் கொஞ்சம் நடந்துவிட்டு, என் முறை முடிந்தது, அடுத்தது வரட்டும் என்று தானாக விலக வேண்டும். கழுத்தைப் பிடித்துத் தள்ள அங்கே யாரும் கிடையாது. மரியாதை தெரிந்த ஏற்பாடு, போங்கள். இது போக, ‘சும்மா இருக்கும்போது செய்’ என்று தனியாக ஒரு பட்டியலும் உண்டு. வரிசையில் ஒன்றுமே நிற்காமல் ஆள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மட்டும், அந்தப் பட்டியலில் உள்ளதை எடுத்துச் செய்வான்.

அலைச் செய்தி வாங்குகிற வேலையும் முதலில் மற்றதோடு வரிசையில்தான் நின்றது. வம்பு ஆடி மாசத்தில் வந்தது.

அந்தக் குப்பத்தில் ஒரு கட்டு. திருவிழாவுக்குக் காப்பு கட்டிவிட்டால், பத்து நாளும் விடியற்காலை ஐந்திலிருந்து ராத்திரி பத்து வரை அம்மன் பாட்டு நிற்கக் கூடாது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்க இடைவெளியே விழக் கூடாது. முன்பெல்லாம் ரெண்டு டேப் ரிக்கார்டர் வைத்து மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். அந்த வருஷம்தான் கம்ப்யூட்டரிலேயே போட்டுவிடலாம் என்று பேசி முடித்தார்கள். வெள்ளோட்டம் விட்டுப் பார்த்தால், டெலிபோன் லைனில் அலைச் செய்தி இறங்கும்போதெல்லாம் பாட்டு திக்கியது. ஊர்த் தலைவர் நாட்டார் காத்தவராயனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அம்மன் பாட்டு திக்கினால் ஊருக்கு ஆகாது என்றார்.

பூர்ணிமா அரை மணி நேரத்தில் சரிசெய்தாள். அலைச் செய்தி வாங்கும் வேலையை வரிசையிலிருந்து எடுத்து, சும்மா இருக்கும்போது செய்கிற பட்டியலில் போட்டாள். அவ்வளவுதான். ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினாள். எண்ணெய் வழிகிற மாதிரி ஓடியது. பாட்டு முடிந்ததும் அலைச் செய்தி தானாக இறங்கியது. நாட்டார் கும்பிட்டார். இவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. நீ எதையும் தொடாதே, எல்லாம் தானாக நடக்கும் என்று கமலவேணியிடம் சொல்லிவிட்டு, வறுத்த நெத்திலி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

அட பாவி மகளே, நிற்கவே கூடாத பாட்டுக்கு ஒரே ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போனாயே!

வெள்ளிக்கிழமை காலை காப்பு கட்டினார்கள். பாட்டு தொடங்கியது. பாட்டு ஒன்றும் அடாவடி பண்ணவில்லை. தன் முறை முடிந்ததும் மரியாதையாக விலகியது. விலகின கையோடு மறுபடி வரிசையில் வந்து நின்றது. ஆள் ஒரு கணமும் சும்மா உட்காரவில்லை. ஐந்து மணிக்குக் கமலவேணி படிக்கும்போதுகூடப் பாட்டின் சத்தத்தைத்தான் குறைப்பாள், நிறுத்த மாட்டாள். ராத்திரி பத்துக்குப் பாட்டு முடிந்ததும் மெஷினை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவாள். காலையில் போட்டதுமே மறுபடி பாட்டுதான். ஆக, அலைச் செய்திக்கு முறையே வரவில்லை. ஸ்கிரீனின் தலையில் தேதி மட்டும் தினம் மாறியது. அது கம்ப்யூட்டரின் கடிகாரத்திலிருந்து வருவது. அதையும் அப்படி எழுதினவள் பூர்ணிமாதான். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் அன்றன்றைய தேதியின் கீழே வெள்ளிக்கிழமை அலையே நின்றது. அலை ஒரு மீட்டர், காற்று மிதம். கமலவேணி கணீரென்று படித்தாள்.

புதன்கிழமையிலிருந்து தேர் முடியும்வரை யாரும் கடலில் இறங்கக் கூடாது. அதற்குள் ஒரு நடை போய்வந்துவிடலாம் என்று தணிகாசலமும் அவன் சிநேகிதன் சிலம்பரசனும் செவ்வாய்க்கிழமை விடியலில் போட்டைத் தள்ளினார்கள். எட்டு மணிக்குக் காற்று சுழற்றி அடித்துப் போட்டைக் கவிழ்த்தது. சிலம்பரசனை வேறு ஊர்க்காரர்கள் தூக்கிவந்தார்கள். தணிகாசலம் மூன்றாம் நாள்தான் கரை ஒதுங்கினான். இருபத்தொரு வயசு. அந்த வருஷம் தேர் ஓடவில்லை.

சிலம்பரசன் சொன்னது ஒன்றே ஒன்று: அக்கா அலை ஒரு மீட்டர் என்று படித்தாள், கேட்டுவிட்டுத்தான் போனோம். பக்கத்து ஊரில் அன்றைக்கு மூன்று மீட்டர் என்று எழுதி ஒட்டியிருந்தார்களாம். அப்புறம் கேட்க வேண்டுமா? திருவிழா மயக்கத்தில் பழசைப் படித்துவிட்டாள் என்றது ஊர். அவளுடைய அம்மா அஞ்சலாட்சி, பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவள், மகனைப் புதைத்துவிட்டு வந்த அன்றே மகளை வெளியே நிற்கவைத்துக் கதவைச் சாத்தினாள். கமலவேணி சித்தி வீட்டில் போய் ஒண்டிக்கொண்டாள்.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் மெஷினைப் பார்த்துவரச் சொல்லி ஹரிகிருஷ்ணன் பூர்ணிமாவை அனுப்பினார். மெஷின் தன் வேலைகளைக் குறித்துவைக்கிற பதிவைத் திறந்தாள். அலைச் செய்தி கடைசியாக இறங்கியது வெள்ளிக்கிழமை விடியற்காலை நாலு நாற்பதுக்கு, பாட்டு தொடங்கும் முன். அதற்குப் பிறகு பக்கம் பக்கமாகப் பாட்டு, பாட்டு, பாட்டு. வாசலில் போய் வாந்தியெடுத்தாள். நாட்டார் வெயில் தாங்கவில்லை என்று நினைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

ஹரிகிருஷ்ணன் கெட்டவர் இல்லை. பூர்ணிமா சொன்னதைக் கேட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, புரோகிராமில் அந்த வரியைத் திருத்திவிடு, டெலிபோன் லைன் கோளாறு என்று எழுதிக்கொடுத்துவிடலாம் என்றார். ஆறு குடும்பத்தை யோசி என்றார். இதை அங்கே போய்ச் சொன்னால் திரும்பி இந்தப் படி ஏறாதே என்றும் கடைசியாகச் சொன்னார். பூர்ணிமா தலையை ஆட்டிவிட்டு வந்து வரியைத் திருத்தினாள். பத்து நிமிஷ வேலை. அதற்குப் பிறகு சோற்றைப் பிசைவாள், வாயில் வைக்க முடியாது. மகள் யாரையாவது காதலிக்கிறாளோ என்று அவள் அம்மா வேறு கவலைப்பட்டாள். கருமாதி முடிந்துவிட்டது என்று காதில் விழுந்த மறுநாள், ஆபீசுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டுக் குப்பத்துக்குப் போகிற பஸ்ஸில் ஏறினாள்.

கமலவேணி சித்தி வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இளைத்துப் பாதியாகியிருந்தாள். பூர்ணிமா நின்றவாக்கிலேயே எல்லாவற்றையும் சொன்னாள்: பட்டியல், வரிசை, பாட்டு, தேதி. சொல்லச் சொல்ல அழுகை வந்தது, அழ எனக்கென்ன யோக்கியதை என்று அடக்கிக்கொண்டாள். கமலவேணி முறத்தைக் கீழே வைத்தாள்.

“பதினெட்டு நாளா, எந்த வரியத் தப்பாப் படிச்சேன்னு தேடிக்கிட்டே இருக்கேன் மேடம்” என்றாள். குரல் கரகரத்திருந்தது. “பதினெட்டு நாள் ஆயிடுச்சே மேடம், இதச் சொல்ல.”

திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்துத்தான் பூர்ணிமா வந்திருந்தாள். கமலவேணி அதெல்லாம் செய்யவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அம்மாவிடம் வந்து இதை அப்படியே சொல்ல முடியுமா என்று கேட்டாள். ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும், அம்மா ஒருத்தி என்னை வீட்டுக்குள் விட்டால் போதும் என்றாள். கேட்கும்போது அவள் கண்ணில் பதினெட்டு நாளாக இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்க முடியாமல் பூர்ணிமா தலையைக் குனிந்துகொண்டாள்.

அஞ்சலாட்சி வீடு அடுத்த தெரு. கமலவேணி எதிர்வீட்டு வேலியோரம் நின்றுகொண்டாள். பூர்ணிமா மட்டும் உள்ளே போனாள். அஞ்சலாட்சி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டர்காரப் பொண்ணா, வாம்மா என்று பாயைக் காட்டினாள். பூர்ணிமா உட்காரவில்லை. தப்பு கமலவேணியுடையது இல்லை, நான் எழுதினதில்தான் தப்பு என்று தொடங்கினாள். கம்ப்யூட்டர் வார்த்தை எதுவும் இல்லாமல் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே யோசித்துவைத்திருந்தாள்.

“வேற வேலை இல்லாதப்ப மட்டும் அலைச் சேதிய வாங்குன்னு மெஷினுக்கு எழுதிட்டேம்மா. அதுக்கு நேரமே கெடைக்கல.”

“அப்படி என்ன வேலை இருந்துச்சு அதுக்கு?”

“பாட்டு.”

“அம்மன் பாட்டா?”

“ஆமாம்மா.”

அஞ்சலாட்சி சுவரில் மாட்டியிருந்த அம்மன் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்துபோய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சொம்பைத் தானே பிடித்துக் குடிக்கவைத்தாள். நீ வேணும்னேவா பண்ணினே, உன்னைக் கோவிச்சு எனக்கு என்ன ஆகப்போகுது, தலைவிதி, அழாதே என்றாள். எத்தனை பேர் கூடப்பிறந்தவர்கள், கல்யாணம் ஆயிற்றா என்றெல்லாம்கூட விசாரித்தாள். அந்தப் பரிவைத் தாங்க முடியாமல் பூர்ணிமா அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். தன்னை மன்னிக்க வேண்டாம், கமலவேணியை உள்ளே கூப்பிட்டால் போதும் என்று கெஞ்சினாள்.

அஞ்சலாட்சி காலை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

“அவ மேல தப்பில்லன்னு சொல்ற. சரிம்மா, நம்புறேன். ஆனா எம்புள்ள காதுல கேட்டுட்டுப் போனது அவ கொரலு. ராவும் பகலும் அந்தக் கொரலுதான் எனக்கும் கேக்குது. அவ வந்து நின்னு அம்மான்னு கூப்பிட்டாளே, காரியத்தன்னைக்கு, எனக்கு அம்மான்னு கேக்கல. அலை ஒரு மீட்டருன்னுதான் கேட்டுச்சு. பெத்த பொண்ணுதான். நான் என்ன செய்ய, சொல்லு.”

தெரு குறுகலானது. எதிர்வேலிக்கு எல்லாம் கேட்டிருக்கும். பூர்ணிமா வெளியே வந்தபோது கமலவேணி வேலியை விட்டுத் தெருவின் பாதிவரை வந்து நின்றிருந்தாள். அஞ்சலாட்சி வாசற்படிக்கு வந்தாள். அம்மாவும் மகளும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். கமலவேணி கூப்பிட வாயெடுத்தாள். பிறகு கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல் சித்தி வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள்.