குடும்பத் தலைவருக்கு என்ன உறவு

மூன்று வாரமாக மவ்சூனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெளிநாட்டில், எகத்தரின்பர்க் நகரத்தில் கட்டட வேலை செய்யும் கணவன் ஜோகிர், போனில் நலம்கூட விசாரிக்காமல் மூன்று முறை தலாக் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அதை அவள் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் துணிமூட்டையோடு அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஏழு வயது மகள் மெஹ்ரோனாவை அழைத்துப் போக முடியாது. பிள்ளை அப்பன் வீட்டுக்குச் சொந்தம் என்பது அந்த ஊர் வழக்கம்.

இந்த நிலையில்தான் குல்யாப் நகரத்திலிருந்து ஃபரங்கீஸ் என்ற பெண், சுகாதாரக் கணக்கெடுப்புக்காக டேப்லெட்டும் கையுமாக வந்து உட்கார்ந்தாள். இரத்த அழுத்தம் பார்க்குமுன் வீட்டில் யார் யார், என்ன வயது, என்ன படிப்பு என்று எழுத வேண்டுமாம்.

முதலில் தன் மகன் பெயரைப் போடச் சொன்னாள் மாமியார் பீபிசோரோ. ஆறு மாதமாக இந்தக் கூரையின்கீழ் படுக்காதவரைச் சேர்க்க விதியில்லை என்றாள் ஃபரங்கீஸ். நாலு வருஷமாக ஊர்ப்பக்கம் வராத மகனுக்காகக் கிழவி கால் மணி நேரம் வாதாடினாள்.

"உன் கணக்குப்படி இந்த ஊர்ல ஆம்பளையே இல்லேன்னு எழுதிட்டுப் போவே போலிருக்கே."

"பாதி வீட்டுல அப்படித்தாம்மா எழுதியிருக்கேன்."

கடைசியில் குடும்பத் தலைவர் பீபிசோரோ, மவ்சூனா மருமகள், மெஹ்ரோனா பேத்தி என்று முடிவானது. அடுத்தது மவ்சூனாவின் மண நிலை. அதை அவள் வாயாலேயே சொல்ல வேண்டும் என்றாள் ஃபரங்கீஸ்.

மவ்சூனா தேநீர் எடுக்க எழுந்தாள். வந்து உட்கார்ந்தாள். ரொட்டி வைக்க மறந்தது போல மறுபடி எழுந்தாள். கல்யாணமானவள் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. சொல்ல வரவில்லை.

"கல்யாணத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டாள்.

அதைத்தான் ஆயிரம் வீடுகளில் பார்க்கிறார்களாம். படித்தவர்களுக்கு எப்படி, படிக்காதவர்களுக்கு எப்படி, துணையோடு இருப்பவர்களுக்கு எப்படி, பிரிந்தவர்களுக்கு எப்படி என்று. பெயரை எடுத்துவிட்டுத்தான் அனுப்புவார்கள், முல்லா காதுக்கும் போகாது என்றாள் ஃபரங்கீஸ்.

பீபிசோரோ ரொட்டியைப் பிய்த்தபடியே சொன்னாள். "பிரிஞ்சவள்னு போடும்மா."

மவ்சூனா கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"எனக்கும்தான் போன் பண்ணினான். லைன் சரியில்ல, ஒண்ணும் கேக்கலேன்னு வச்சுட்டேன். மூணு தடவை பண்ணினான். மூணு தடவையும் எனக்குக் கேக்கல."

ஃபரங்கீஸ் விரலால் தொட்டாள். திரை சிவந்தது. விவாகரத்தானவள் மருமகளாக இருக்க முடியாதாம், இரண்டில் ஒன்றை மாற்றாமல் மேலே போகாதாம். தர்மசங்கடத்தோடு அவள் பட்டியலைப் படித்தாள். மகள். வளர்ப்பு மகள். வேறு உறவு. உறவில்லாதவர்.

கிழவி இன்னொரு துண்டு ரொட்டியைப் பிய்த்தாள். கடைசிச் சொல் மவ்சூனாவின் காதிலேயே நின்றது. கிழவி இத்தனை நாள் கண்டும் காணாததுபோல் இருந்தது வேறு, தன் வாயால் சொல்லி எழுத வைப்பது வேறு. இப்போது உறவில்லை என்று விழுந்தால், பள்ளியிலிருந்து பிள்ளை திரும்புமுன் தான் கிளம்பிவிட வேண்டும். பார்த்துவிட்டால் கிளம்ப முடியாது.

"வளர்ப்பு மகள்னு போடு" என்றாள் பீபிசோரோ. "ஒம்பது வருஷமா நான்தானே வளக்கறேன். இன்னும் ரொட்டியை அடி தீயாம எடுக்கத் தெரியல."

"நாளைக்கு அவர் இன்னொருத்தியைக் கூட்டிட்டு வந்தா, அத்தை?"

"வரட்டும். அவளுக்குத் தனியா ஒரு வரி போட்டுக்கறேன். உன் வரியிலயும் உன் பிள்ளை வரியிலயும் யாரும் கை வைக்க மாட்டாங்க."

திரையில் சிவப்பு போய்விட்டது. எத்தனை வகுப்பு படித்திருக்கிறீர்கள் என்று அடுத்த கேள்வியைக் கேட்டாள் ஃபரங்கீஸ்.

"ஒம்பது" என்றாள் மவ்சூனா. நினைத்ததைவிடக் குரல் சத்தமாகவே வந்தது.