சாட்சியில் விட்டது

ஐஸ் பெட்டியில் கிடத்தியிருந்த புருஷனின் கழுத்திலிருந்த துண்டை எடுக்க சுலோச்சனா விடவில்லை.

"சட்டைதான் போட்டாச்சே, அழுக்குத் துண்டு எதுக்கும்மா?" என்று விக்கி இழுத்தான். அவன் மணிக்கட்டில் ஓர் அடி விழுந்தது.

"கைய எட்றா. அவரு வேணும்னுதான் கட்டிக்கினு இருந்தாரு."

நிஷா அப்போதுதான் உள்ளே வந்திருந்தாள். ருமேனியாவிலிருந்து இரண்டு விமானம், ஏர்போர்ட்டிலிருந்து ஆட்டோ, ராஜா அண்ணாமலைபுரம் ஹவுசிங் போர்டில் இரண்டு மாடி. உடம்பில் இன்னும் குழந்தைகள் முகாமின் மஞ்சள் டீ-ஷர்ட், முதுகில் சிரிக்கும் சூரியன். ஐஸ் பெட்டிக்குள் குனிந்து, அம்மா தடுப்பதற்குள் துண்டை விலக்கினாள்.

வலது தாடைக்குக் கீழே கோழி முட்டை அளவுக்குப் புடைத்திருந்தது. தோல் கறுத்துப் பளபளத்தது.

"எப்போலேந்து?"

"கிறிஸ்மஸுக்கு முன்னாடியே," என்றாள் சுலோச்சனா.

"இன்னாத்துக்கு என்னாண்ட சொல்லல? செக்கப்புக்குப் போனாரா?"

அம்மா துண்டை இழுத்து மூடினாள். விக்கி சொன்னான். "போன் போடுக்கா. உன் வெள்ளக்காரப் பசங்களுக்கு இப்பவும் நைனாவ காட்டு."

அவனை அறைய வேண்டும் போலிருந்தது. அறையவில்லை. அவன் சொன்னதில் தப்பே இல்லை.

நான்கு வருடங்களுக்கு முன் அப்பா சுப்புராயனின் தொண்டையில் முதல் கட்டி வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து நாள் கதிர்வீச்சு, வீட்டுப் பேச்சில் கரண்டு, வைத்தார்கள். தினமும் அவரே ஆட்டோ ஓட்டிக்கொண்டு போனார், பின் சீட்டில் நிஷா. கட்டி கரைந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லி அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். அந்த அட்டையின் ஆங்கிலத்தை வீட்டில் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அந்த முப்பத்தைந்து நாளும் சபையில் உபவாசம் இருந்தார்கள். அதுவும் உண்மை.

நிஷா பட்டப்படிப்பு முடித்து சபை ஊழியத்துக்காக ருமேனியா போனாள். முதல் கோடை முகாம். கர்த்தர் தனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல மூன்று நிமிடம் கொடுத்தார்கள். மொழிபெயர்க்கிற பெண் ஒவ்வொரு வாக்கியமாகக் கேட்டாள். என் அப்பாவுக்குத் தொண்டையில் கட்டி. நாங்கள் ஜெபித்தோம். கட்டி போய்விட்டது. தரையில் உட்கார்ந்திருந்த இருநூறு குழந்தைகளும் வாயைப் பிளந்தார்கள். அந்த முகங்களுக்கு முன்னால் கரண்டு, ஆஸ்பத்திரி டோக்கன், பிளாஸ்டிக் நாற்காலி எதுவும் அவள் வாயில் வரவில்லை.

முகாம் முடிந்து அவள் ஊருக்கு வந்திருந்தபோது அந்த வீடியோவை ஆதம்பாக்கம் சபையில் ஞாயிற்றுக்கிழமை திரையில் போட்டார்கள். கைதட்டல் அடங்கவில்லை. சுப்புராயன் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினார். திரும்பும்போது ஆட்டோவில் ஒரே ஒரு வார்த்தைதான். "நல்லா பேசின கண்ணு. இங்கிலீசு தண்ணி மாரி வர்து."

அதற்குப் பிறகு அவர் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை என்பதை சுலோச்சனா இப்போது சமையலறையில் வைத்துச் சொன்னாள்.

"எவ்ளோ சொன்னேன். கேக்கல. 'புள்ள அத்தினி பசங்களாண்ட சொல்லிக்கீது. நான் போய் லைன்ல நின்னு சபை ஆளு எவனாவது பாத்தா, அவ பொய்க்காரின்னு ஆயிடும்ல?'ன்னாரு."

"நீயாவது சொல்லியிருக்கலாம்லம்மா."

"சொன்னா நீ வந்துருப்பியா?"



போன வாரம்தான் முகாமிலிருந்து வீடியோ கால் போட்டாள். அப்பாவை அவள் கூப்பிடும் அந்த ஒரு வார்த்தையைக் குழந்தைகளுக்குக் கற்றுக் கொடுத்திருந்தாள். இருநூறு பேரும் "நைனா! நைனா!" என்று கத்தினார்கள். துண்டு கட்டிய கழுத்தோடு அவர் சிரித்தார், கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார், பேசவில்லை. நெட்வொர்க் சரியில்லை என்று குழந்தைகளிடம் சொன்னாள். நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது. பின்னால் அம்மா அவருக்குச் சோற்றைக் கஞ்சியாக அடிக்கிற மிக்ஸிச் சத்தம்கூடக் கேட்டது. கேட்டுவிட்டுத்தான் அப்படிச் சொன்னாள்.

இரண்டரை மணிக்கு பாஸ்டர் வந்தார். கீழே பந்தலில் சவப்பெட்டியை இறக்கியிருந்தார்கள். பாட்டு முடிந்ததும் மைக்கை நிஷாவிடம் நீட்டினார்.

"சிஸ்டர், கர்த்தர் அப்பாவுக்கு நாலு வருசம் ஆயுசு கூட்டிக் குடுத்தாரு. அந்தச் சாட்சிய சொல்லுங்க. ஜனங்களுக்கு ஆறுதலா இருக்கும்."

சுலோச்சனா அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். காதுக்குள் சொன்னாள். "வேற எதுவும் பேசிடாத. அதுக்காகத்தான் மனுசன் வாய மூடிக்கினு போனாரு."

நிஷா மைக்கை வாங்கினாள். சபை முழுக்க அவளைப் பார்த்தது. அவர்களில் பாதிப்பேர் அந்த வீடியோவைத் தங்கள் போனிலிருந்து ஊருக்கெல்லாம் அனுப்பியவர்கள்.

"எங்க நைனாவுக்கு முப்பத்தஞ்சு நாள் கரண்டு வச்சாங்க," என்றாள். "அத நான் எந்த ஊர்லயும் சொல்லல. நான் சொல்லாததால அவரு திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகல. கட்டி வந்துச்சு. அதுலதான் செத்தாரு."

பாஸ்டர் மெதுவாக "ஆமென்" என்று சொல்லி, கீபோர்டு பக்கம் கையைக் காட்டினார். பாட்டு ஆரம்பித்தது. சுலோச்சனா மகள் பக்கம் திரும்பவேயில்லை. விக்கி மைக்கை வாங்கி வைத்தான். "போதும், வா," என்றான். இந்தமுறை குரலில் குத்தல் இல்லை.

வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சபையைப் பெருக்கித் துடைக்கிற அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நிஷாவின் பக்கத்தில் நின்றாள். முகத்தை வண்டிப் பக்கமே வைத்துக்கொண்டு, உதடு அசையாமல் கேட்டாள்.

"டோக்கன் எத்தினி மணிக்கும்மா குடுப்பாங்க?"

"ஏழு மணிக்கு. ஆறுக்கே போய் நிக்கணும்க்கா."

"ஆளு கூட வரணுமா?"

நிஷா அவளைப் பார்த்தாள். அந்த அக்காவின் வலது கை முந்தானைக்குள் இடது மார்பை அழுத்திப் பிடித்திருந்தது.

"நான் வர்றேன்," என்றாள்.

வண்டி ஹாரன் அடித்தது. அக்கா தலையாட்டினாள். கையை வெளியே எடுக்கவில்லை.