உருண்டை ஆணிச் சட்டம்

ராக்னா பிடித்தால் விடமாட்டாள். அமெரிக்காவின் மினசோட்டாவில் குடியேறிய நார்வேக்காரர்கள் 1871-இல் கட்டைகளை அடுக்கிக் கட்டிய பள்ளிக்கூடத்தைப் புதுப்பிக்கக் குழு போட்டபோது, முதல் வருஷம் இருந்த மாதிரியே இருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"சதுர ஆணின்னா பழசு, இருக்கட்டும். உருண்டை ஆணின்னா பின்னாடி ஒட்டுப்போட்டது, தூக்கி எறிங்க!"

தச்சர் ஹால்வர் தலையாட்டினார். அவளிடம் யார் வாய் கொடுப்பது!

உண்மையில் அவளுக்கு வேண்டியது ஒரு கோடு. அவள் அங்கே படித்த காலத்தில் ஒவ்வொரு செப்டம்பரிலும் ஆசிரியை பிள்ளைகளைக் கதவு நிலையோடு ஒட்டி நிற்கவைத்து, தலை முட்டும் இடத்தில் கத்தியால் கீறிப் பெயரெழுத்துப் போடுவாள். ராக்னாவின் தங்கை இங்கபோர்க் எட்டு வயதில் தொண்டை அடைப்பான் வந்து செத்துப்போனாள். படம் கிடையாது. கல்லறை மரச்சிலுவையும் மக்கிவிட்டது. பள்ளி மூடியபின் அதை வாங்கியவர் உள்ளே வைக்கோல் அடைத்து வாசலைப் பலகையால் மூடியதில், அந்தக் கோட்டைத் தொட ஐம்பது வருஷமாக ஏங்கினாள், பாவம். சிரிப்பார்களோ என்று யாரிடமும் சொல்லவில்லை. அந்த நிலையும் முதல் வருஷத்ததுதான் என்று நம்பியிருந்தாள்.

பலகையைப் பிரித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் ஓடினாள். வாசலில் புத்தம்புது நிலை நின்றது.

"பழைய நிலை எங்க, ஹால்வர்?"

"அதுவா? பூரா உருண்டை ஆணி. குளிர்காயப் பெரிய அடுப்பு உள்ள போகணும்னு 1905-ல வாசலை அகலப்படுத்தியிருக்காங்க. உன் சட்டப்படி கழட்டிட்டேன்."

"கழட்டி?"

"ரெண்டு நாளா காபி போட்டோம். நல்லாக் காய்ஞ்ச கட்டை. ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?"

ராக்னா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "எங்க இங்கபோர்க் கோடு அதுலதான் இருந்துச்சு" என்றாள். அடக்க முடியாமல் அழுதாள்.

ஹால்வர் தொப்பியைக் கழற்றினார். "அடிப்பாவி, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? சரி, எழுந்திரு. இதுலயே கீறித் தர்றேன். எவ்வளவு உசரம் இருப்பா?"

"என் மோவாய் வரைக்கும் வருவா" என்று எழுந்து, கையை மோவாய்க்கு நேராக நிலையில் வைத்தாள். சட்டென்று எடுத்தாள். அது பத்து வயது ராக்னாவின் மோவாய் அல்லவா? கையைக் கீழே இறக்கினாள். கொஞ்சம் ஏற்றினாள். மறுபடி இறக்கினாள்.

"அப்ப நான் எவ்வளவு உசரம் இருந்தேன், ஹால்வர்?"

அவள் கோடும் எரிந்துபோன அதே கதவு நிலையில்தான் இருந்தது.