சொல்லாமல் கொள்ளாமல் லாக்அவுட்

மனித குலத்தின் கடைசி சுதந்திர மனிதன் எங்கள் கல்லூரிக் கணினிக் கூடத்தில், ஜன்னலோர மேசையில், கால் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவனே சொன்னான்.

"எந்த மிஷினும் எனக்கு உத்தரவு போட முடியாது. நான்தான் மிஷினுக்குப் போடுவேன். இன்னிக்கு உலகத்துல இப்படிச் சொல்லத் தகுதி உள்ளவன் ஒரே ஒருத்தன்தான்."

அந்த ஒருத்தனுக்கு நாங்கள் வைத்த பெயர் கர்னல். லினக்ஸ் இயங்குதளத்தின் நடுவில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. முதல் வருடம் இவன் அதைக் கர்னல் கர்னல் என்றே சொன்னான். வகுப்பே சிரித்தும் திருத்திக்கொள்ளவில்லை. "தப்பா சொல்றது நீங்க எல்லாரும்" என்றான். பட்டம் ஒட்டிக்கொண்டது. ஒருமுறை அவன் வீட்டுக்குப் போன் செய்து "கர்னல் இருக்காரா?" என்று கேட்டபோது அவன் அப்பா எழுந்து நின்று பேசியதாகக் கேள்வி.

இறுதியாண்டுத் திட்டத்துக்கு எங்கள் அணியில் மூன்று பேர். கர்னல் புரோகிராம் எழுதுபவன். நான் அறிக்கை எழுதுபவன், அதாவது வேலை செய்யாதவன். மூன்றாவது, டாக்டர். வீட்டில் அத்தனை பேரும் அவளை மருத்துவம் படிக்கச் சொன்னார்கள், மாட்டேன் என்று இங்கே வந்துவிட்டாள். அதனால் டாக்டர்.

எங்கள் புரோகிராம் இருமலைக் கேட்டு அது சளி இருமலா, வறட்டு இருமலா என்று சொல்லும். சொல்வதற்கு முன் ஆயிரக்கணக்கான இருமல்களைக் கேட்டுப் பழக வேண்டும். விடுதி முழுக்க இருமவைத்துப் பதிவு செய்தோம். தட்டுப்பாடு வந்தபோது நானே இருமினேன். அறிக்கை தவிர என் பங்களிப்பு அதுதான். பழகும் வேலை கல்லூரியின் பெரிய சர்வரில் இரவும் பகலுமாக ஓட வேண்டும். திங்கட்கிழமை செயல்விளக்கம். அது தேறினால்தான் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால்தான் டாக்டருக்கு மேற்படிப்பு இடம். இடம் ஏற்கெனவே கிடைத்துவிட்டது, அவளுக்காகக் காத்திருந்தது. எங்கள் இருவருக்கும் எதுவும் காத்திருக்கவில்லை, ஆகவே நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

அந்த நேரம் பார்த்து அக்கா சர்வரை மாற்றினார்.

அக்கா யாருக்கும் அக்கா இல்லை. சர்வரைப் பார்த்துக்கொள்பவர். சிரிக்காமல் சிரிக்கவைப்பவர். அவர் செய்த மாற்றங்கள் மூன்று. செருகும் வட்டுகளுக்கு, வந்த வரிசைப்படி எண் இல்லாமல், அதனதன் சொந்தப் பெயர். நெட்வொர்க் இணைப்புக்குப் புதுப் பெயர். மூன்றாவதுதான் கர்னலின் தன்மானத்தில் கை வைத்தது. ஒருவர் லாக்அவுட் செய்தால், அவர் ஓடவிட்டிருந்த எல்லாவற்றையும் சர்வர் பெருக்கித் தள்ளிவிடும்.

கர்னல் நேராக அவர் அறைக்குப் போனான். வேடிக்கை பார்க்க நாங்களும் போனோம்.

"அக்கா, இது அராஜகம். நான் போனா என் வேலை ஏன் சாகணும்?"

"உன் சீனியர் ஒருத்தர் பகா எண் தேட ஒரு புரோகிராம் விட்டுட்டுப் போனார். அவருக்குக் கல்யாணமாகி, குழந்தை ஸ்கூலுக்குப் போகுது. புரோகிராம் இன்னும் தேடிட்டிருந்துச்சு. இன்னொண்ணு, நிமிஷத்துக்கொரு தரம் 'நானே ராஜா'ன்னு எழுதிட்டு இருந்துச்சு. அது யாரோடது?"

"என்னோடது" என்றான் கர்னல், நெஞ்சை நிமிர்த்தி.

"நேத்து காலமாயிடுச்சு."

"அப்ப நாங்க என்னதான் பண்றது?" என்றாள் டாக்டர்.

"அதுக்கு ஒரு கட்டளை எழுதி வச்சிருக்கேன். போறதுக்கு முன்னாடி 'போயிட்டு வரேன்'னு அடிச்சிட்டுப் போங்க. அப்ப உங்க வேலையைத் தனியா எடுத்து வச்சு ஓட்டிட்டு இருக்கும். சொல்லாம கொள்ளாம போனா, திரும்பி வர மாட்டீங்கன்னு அர்த்தம்."

கர்னல் முகம் சிவந்தது. "சர்வர்கிட்ட நான் சொல்லிட்டுப் போகணுமா? அது என்ன என் மாமியாரா?"

"மாமியார்கிட்ட நீ சொல்லாமகூடப் போகலாம். இதுகிட்ட முடியாது."

அன்று முதல் புரட்சி தொடங்கியது. கூடத்தில் மற்றவர்கள் பவ்யமாகப் 'போயிட்டு வரேன்' அடித்துவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் கர்னல் எழுந்து நின்று கும்பிடுவான். "மகராஜா உத்தரவு கொடுத்தாரா? காலைத் தொட்டுக் கும்பிட்டாச்சா? கிளம்புங்க, கிளம்புங்க." முதல் வருடப் பெண் ஒருத்தி பயந்துபோய் இரண்டு தடவை அடித்தாள்.

அவன் முதலில் எடுத்த ஆயுதம் பழைய வித்தை. ஆள் போனாலும் வேலை நிற்காமல் ஓட முன்காலத்தில் ஒரு கட்டளை இருந்தது. அதைப் போட்டு இருமல் வேலையை ஓடவிட்டான். கிளம்பும்போது, வம்புக்கென்றே, 'போறேன்' என்று அடித்தான். அக்கா அதற்கும் ஒன்று எழுதிவைத்திருந்தார். திரையில் வந்தது: அப்படிச் சொல்லக் கூடாது.

"எங்கம்மா மாதிரியே பேசுது" என்றான் கர்னல், கொஞ்சம் தடுமாறி. பிறகு லாக்அவுட் செய்தான். காலையில் வந்து பார்த்தால் இருமல் சத்தமே இல்லை.

"லாக்அவுட் பண்ணாத்தானே சாகும்? பண்ணவே மாட்டேன்" என்று அடுத்த போர்முறைக்குப் போனான். கணினியைத் திறந்தபடியே விட்டுவிட்டு, அதன் மேல் அட்டையில் எழுதி மாட்டினான்: 'உள்ளே உயிர் இருக்கிறது. அணைக்காதீர்.' கூடத்தைப் பூட்டுபவர் அட்டையைப் படித்தார், மதித்தார், அந்தக் கணினியைத் தொடவே இல்லை. மொத்தக் கூடத்துக்குமான மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு கர்னல் தானே ஒரு குட்டி புரோகிராம் எழுதினான். பெயர் 'புரட்சி'. செத்த வேலையைத் தானாக எழுப்பி, நெட்வொர்க் வழியே அவன் போனுக்குச் செய்தியும் அனுப்புமாம். முதல் வரியே, 'ஈத்-ஜீரோ என்ற இணைப்பு வரும்வரை காத்திரு'. அந்தப் பெயர் இப்போது இல்லை. அக்கா மாற்றியபின் அது வண்டி நம்பர் பிளேட் மாதிரி நீளமாக ஏதோ ஒன்று. ஆக புரட்சி, நின்றுபோன பஸ்ஸுக்காக நிழற்குடையில் நிற்பவன்போல, நாள் முழுக்க நின்றது.

"அதுல ஒரு பெயரை மாத்தினா சரியாயிடும்ல?" என்றேன்.

"அவங்க வச்ச பெயரை நான் ஏன் கூப்பிடணும்?" என்று அந்த வரியையே வெட்டி எறிந்தான்.

புரட்சி ஓடியது. காலையில் சின்ன அளவில் இருமல் பழகும் ஒத்திகையும் முடிந்தது. கர்னல் மைக்கை டாக்டரிடம் நீட்டினான். "இருமு."

டாக்டர் இருமினாள். திரையில் எழுத்து வந்தது: கோபமான நாய்.

விஷயம் இதுதான். வட்டுகளை வந்த வரிசையில் எண்ணும் பழைய வழியைக் கர்னல் விடவில்லை. அன்று முதலில் செருகியிருந்தது பக்கத்து அணியின் வட்டு. அவர்கள் நாய்க் குரைப்பை வகைபிரிக்கிறவர்கள். எங்கள் புரோகிராம் காலை முழுக்க நாய்களைக் கேட்டுப் பழகியிருந்தது.

"ஆனா இப்ப மட்டும் சரியாத்தான் சொல்லுது" என்றேன், டாக்டரின் முகத்தைப் பார்த்து.

அவள் சிரிக்கவில்லை. சனிக்கிழமை அது. மதியத்துக்கு மேல் கூடத்தைப் பூட்டிவிடுவார்கள், திங்கள் காலைதான் திறப்பார்கள். அந்த இடைவெளியில் வேலை ஓடி முடிந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இருமல்களும் புரோகிராமும் கர்னலின் சர்வர் கணக்கில் இருந்தன. அவன் லாக்அவுட் செய்தால் புரட்சியும் சேர்ந்தே சாகும். அவன்தான் அந்த வார்த்தையை அடிக்க வேண்டும்.

"அடி" என்றாள்.

"இது கொள்கை டாக்டர். இன்னிக்குப் போயிட்டு வரேன்னு சொல்லச் சொல்லும். நாளைக்கு எங்க போறே, எப்ப வருவே, கூட யாருன்னு கேக்கும்."

"கொள்கையைப் பத்தி எனக்குச் சொல்றியா? அப்பா, அம்மா, சித்தப்பா, ரெண்டு அத்தை, எல்லாரும் வரிசையா உக்காந்து டாக்டராகுன்னு சொன்னப்ப, தனியா நின்னு மாட்டேன்னு சொன்னவ நான். வீட்ல ஒரு மாசம் யாரும் என்கூடப் பேசல. அது எதிர்த்து நிக்கிறது. நீ பண்றது வீம்பு. நீ எதிர்த்து நிக்கிறதுக்கு என் சீட்டுதான் கிடைச்சுதா?"

கர்னல் நாற்காலியை ஆட்டினான்.

"இந்த இடம் போச்சுன்னா, பாத்தியா, அப்பவே சொன்னோம்னு அந்த வரிசை மறுபடி வந்து உக்காரும்" என்றாள். "நான் கெஞ்ச மாட்டேன். உன்கிட்டயும் சரி, அவங்ககிட்டயும் சரி."

பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். போகும்போது வழக்கமாகச் சொல்லும் 'போயிட்டு வரேன்'கூடச் சொல்லவில்லை. கர்னல் அதைக் கவனித்தான். நான் அவன் கவனித்ததைக் கவனித்தேன்.

"நீயும் போ" என்றான். "நான் வேற வழி கண்டுபிடிக்கறேன். தலை போனாலும் அதை மட்டும் அடிக்க மாட்டேன். எழுதி வச்சுக்கோ."

எழுதுவதுதான் என் வேலை என்பதால் மனதில் எழுதிக்கொண்டு இறங்கினேன். வாசல்வரை போனபின்தான் குடை நினைவு வந்தது. திரும்பினேன்.

கூடத்தில் வேறு யாரும் இல்லை. பூட்டுபவர் அடுத்த அறையில் சாவியைக் குலுக்கிக்கொண்டிருந்தார். நான் கதவோரத்தில் நின்றேன். கர்னல் புரட்சியை அழித்திருந்தான். எங்கள் வட்டை அதன் சொந்தப் பெயரால் கூப்பிட்டிருந்தான். நெட்வொர்க்குக்கு அந்த நம்பர் பிளேட்டையே, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்தான். திரையில் வரிசையாக இருமல்கள் ஓடத் தொடங்கின. அதில் என்னுடையவை சிலவும் இருந்திருக்கும்.

பிறகு இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். ஒற்றை விரலால், சத்தம் வராமல், ஒரு நீளமான சொல்லை அடித்தான்.

திரை பதில் சொன்னது: பத்திரமா போயிட்டு வா.

கர்னல் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். லாக்அவுட் செய்தான். எழுந்து, ஆடும் நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளினான்.

"வரேன்" என்றான், வாய்க்குள்ளேயே.

நான் குடையை எடுக்காமலே படியிறங்கினேன். வெளியே நல்ல மழை.