தாடிக்காரர் விற்ற ரேசர்

என் கணவர் ராமதாஸுக்கு ரேசர் விற்கும் வேலை. அவருக்குக் கழுத்தை மறைக்கும் தாடி. இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. 1982-இல் திருவண்ணாமலையே சிரித்தது.

தாடிக்குக் காரணம் நான்தான். எங்கள் பக்கத்தில் மனைவி முழுகாமல் இருந்தால் கணவன் முகத்தில் கத்தி படக் கூடாது. முதல் தடவை அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் தினமும் மழமழவென்று சவரம் செய்தார். நாலாம் மாதம் கரு கலைந்துவிட்டது. "கத்தி வெச்சியேடா, பாத்தியா?" என்று என் மாமியார் வெள்ளையம்மாள் ஒரே ஒரு முறைதான் கேட்டார். மனிதர் அதை விழுங்கி உள்ளேயே வைத்துக்கொண்டார். எனக்கு ரத்தம் கம்மி என்று டாக்டரம்மா சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

இரண்டாம் தடவை எனக்குத் தள்ளிப்போனதுமே அவர் ரேசரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டார்.

அந்த ரேசர் சாமான்யப்பட்டதில்லை. ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர், இனிமேல் தாடி வளர்க்கப்போவதாகச் சொல்லி இவரிடம் கொடுத்துவிட்டுப் போனது. அந்த வெள்ளைக்காரரின் அப்பா யுத்தத்துக்குக் கொண்டுபோனதாம். பித்தளையின் மேல் வெள்ளைப் பூச்சு. மேல்மூடி, சீப்புப் பல் வைத்த தட்டு, கைப்பிடி, அவ்வளவுதான். கழற்றிக் கழுவினால் புதுசு. கடை கடையாகப் போய் ஏஜென்சியின் புது ரேசரை விற்கும்போதும் இதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்.

"அந்தக் காலத்துல மடக்குக் கத்திங்க. ராஜாவா இருந்தாலும் இன்னொருத்தர் கையில கழுத்தைக் கொடுக்கணும். அப்புறம்தான் ஒருத்தன் மெலிசா பிளேடு பண்ணி, ரெண்டு தட்டுக்கு நடுவுல போட்டு, ஓரத்தை மட்டும் வெளியே விட்டான். யுத்தத்துல பட்டாளத்துக்காரன் பதுங்குற பள்ளத்துல உக்காந்துக்கினே சவரம் பண்ணான். நீங்க அழுத்தவே வாணாம், இதோட கனமே போதும்" என்பார். கேட்டவர் தாடையைத் தடவிக்கொண்டே ஒன்று வாங்கிவிடுவார்.

தாடி வளர்ந்ததும் இந்தப் பேச்சு எடுபடவில்லை. "மொதல்ல நீ பண்ணிக்க நைனா" என்றார்கள். செங்கம் ரோட்டில் ஒரு வெளிநாட்டு அம்மாள் சாமியார் என்று நினைத்து அவர் காலிலேயே விழுந்துவிட்டாள். எனக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது ஏஜென்சி முதலாளி முருகையன் வீட்டுக்கே வந்தார்.

"ஞாயித்துக்கிழமை தேரடித் தெருவுல, நம்ம கடை முன்னால, ஜனங்களுக்குச் சவரம் செஞ்சு காட்டணும் ராமதாஸ். முடியாதுன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

அவர் போனதும் இவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். "வேலை போனா போவட்டும். இன்னொரு புள்ளைய என் கையால கொல்ல மாட்டேன் ரேணுகா."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் அப்படித்தானா நினைத்துக்கொண்டிருந்தார்! அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. நான் கோபத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"என் வயித்துல இருக்கறது உங்க தாடியைப் புடிச்சுக்கினா தொங்குது? நீங்க தொட வாணாம். நான் பண்ணி விடறேன்."

அடுப்படியிலிருந்து மாமியார் ஓடி வந்தார். "புள்ளைத்தாச்சி கத்தியைத் தொடறதா?"

"கத்தி இல்ல அத்தை, சேஃப்டி ரேசர். ஒரு பொட்டு ரத்தம் வந்தா அப்புறம் நீங்க சொல்றதைக் கேக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை கடை முன்னால் கூட்டம் நெரிந்தது. வயிற்றைத் தள்ளிக்கொண்டு நான் ரேசரோடு நின்றதைப் பார்த்து முருகையன் எழுந்தே நின்றுவிட்டார். கத்தரியால் தாடியைக் குறைத்தேன். சோப்பை நுரைக்கக் குழைத்துப் பூசினேன். கல்யாணம் ஆனதிலிருந்து காலையில் இவர் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான். எவ்வளவு சாய்க்க வேண்டும், எங்கே தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் கண்ணுக்குப் பாடம். அழுத்தாமல் விட்டேன். சர்ரென்று நுரையோடு மயிர் வழிந்து வந்தது. அவர் கண்ணை இறுக மூடியிருந்தார். நுரைக்குள் கண்ணீர் இறங்கியது.

"அசையாதீங்க" என்றேன்.

முடிந்ததும் முருகையன் வெள்ளைத் துண்டால் அவர் முகத்தைத் துடைத்து, அதை எல்லாருக்கும் விரித்துக் காட்டினார். ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. அன்று கொண்டுவந்திருந்த ரேசரெல்லாம் விற்றுத் தீர்ந்தது. கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்த என் மாமியார் முன்னால் வந்து அந்தத் துண்டை வாங்கி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அவரை நான் விடவில்லை. ரேசரைக் கையில் கொடுத்துக் கண்ணாடி முன்னால் நிறுத்தினேன்; தானே செய்துகொண்டார். ஐப்பசியில் பெண் பிறந்தாள். அழுத அழுகையில் ஆஸ்பத்திரி அதிர்ந்தது.

உள்ளே வந்தவர் குழந்தையைத் தொடவில்லை. அன்று காலை மழித்த தன் கன்னத்தையே தடவிக்கொண்டு நின்றார்.

"ரேணுகா, அப்போ அது... என்னால இல்லியா?"

"இல்லீங்க. என்னிக்குமே இல்ல."

அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நர்ஸ் எட்டிப் பார்த்துக் கடிந்துகொண்டாள்: "பொண்ணு பொறந்துடுச்சுன்னு ஒரு ஆம்பளை இப்படியா அழுவாரு?"

மாமியார் அவளை மறித்து நின்றார். "அவன் அதுக்கு அழுவலம்மா. நான் சொன்ன ஒரு சொல்லுக்கு அழுவறான். அழட்டும், விடு."