முதல் திருப்பம் எந்தப் பக்கம்?

காற்றின் திசை மாறிவிட்டதால் ஓடுபாதையின் மறுமுனையிலிருந்து புறப்பட வேண்டும் என்று விமான நிலையக் கட்டுப்பாட்டு டவரிலிருந்து சொல்லிவிட்டார்கள். கோ-பைலட்டான அவள் புதிய முனையை விமானத்தின் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். இப்படி மாற்றும்போது, முன்பே போட்டுவைத்த வழியை அது நடுவில் அறுத்துவிடும். அறுந்த இடத்தைப் பைலட்தான் சேர்க்க வேண்டும். சேர்த்தாள். கேப்டன் எட்டிப் பார்த்தார். திரையில் வழியைக் காட்டும் கோட்டில் இடைவெளி இல்லை. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

டவரில் அன்று பேசிக்கொண்டிருந்தவர் அவளுடைய கணவனின் அக்கா; அவளுக்கு அண்ணி. இருவருக்கும் அவ்வளவாக ஒத்துப்போகாது. வீட்டுக்கு வந்தால் கேஸை அணைத்தாயா, கதவைப் பூட்டினாயா என்று தொணதொணப்பார். மைக்கில் மட்டும் உறவு கிடையாது, விமானத்தின் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

எழும்பியதும் வலப்பக்கம் திரும்ப வேண்டும், இடப்பக்கம் மலை என்றார் அவர். அவள் பிழையில்லாமல் திருப்பிச் சொன்னாள். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் விடவில்லை.

"முதல் திருப்பம் எந்தப் பக்கம்னு உங்க ஸ்கிரீன்லயும் பார்த்துச் சொல்லுங்க."

"வீட்லதான் உயிரை வாங்குறாங்கன்னா இங்கயுமா!" என்று முணுமுணுத்தாள்.

கேப்டன் சிரித்தார். "பார்த்துச் சொல்லிடும்மா. அவங்க விட்டாத்தானே நாம கிளம்ப முடியும்?"

பார்த்தாள். திரையில் கோடு இடப்பக்கம் வளைந்திருந்தது. புதிய முனையைக் கொண்டுபோய்ப் பழைய வழியின் புள்ளியோடு சேர்த்திருக்கிறாள். வெளியே மலை இருக்கும் இடமே தெரியாமல் மேகம் மூடியிருந்தது.

"சார்..." அந்த வளைவை விரலால் காட்டினாள்.

கேப்டனின் சிரிப்பு நின்றது. "டவர்ல டைம் கேளு. எல்லாத்தையும் முதல்லேர்ந்து போடுவோம்."

ஒவ்வொரு புள்ளியாக வாய்விட்டு வாசித்துச் சரிபார்த்த பிறகே புறப்பட்டார்கள். விமானம் வலப்பக்கம் திரும்பியது. பயணிகளுக்குத் தெரிந்ததெல்லாம் கொஞ்சம் தாமதம் என்பதுதான்.

மாலையில் சீருடையைக்கூட மாற்றாமல் நேரே அண்ணி வீட்டுக்குப் போனாள்.

"அண்ணி, நீங்க மட்டும் கேட்கலேன்னா..."

"நீ டைம் கேட்டப்பவே புரிஞ்சுபோச்சு."

"எப்படி அண்ணி தோணுச்சு?"

"கடைசி நேரத்துல ரன்வே மாறினா எல்லாரையும் கேட்பேன். உனக்குன்னு தனியா இல்ல. மனசுக்குள்ள திட்டிக்கிட்டேதான் பதில் சொல்லுவாங்க."

"நான் வாய்விட்டே திட்டினேன்."

"எனக்குக் கேட்கலையே?"

"மைக் பட்டனை அழுத்தல."

"அந்தப் புத்தியாவது இருந்துதே!" அண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"நடந்ததை ரிப்போர்ட் பண்ணிட்டோம். நீங்க கேட்டதாலதான் தப்பிச்சோம்னு கேப்டனே எழுதியிருக்கார்."

"நீங்க எழுதாட்டி நான் எழுதியிருப்பேன். சாப்பிட்டுட்டுப் போ."

எப்போதும் ஏதாவது சாக்குச் சொல்லிக் கிளம்பிவிடுகிறவள் அன்று அண்ணியின் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு தட்டை எடுத்துவர உள்ளே போனாள்.