ஸ்டிக்கரை உரித்த பிறகு ஐந்து நிமிடம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதைக் கதையாக எழுத நான் உட்காரவே இல்லை. ஒரு குடும்பப் பத்திரிகையின் ஆசிரியை போன் செய்து, "வீட்டுல போடுற பேட்டரியைப் பத்தி ஒரு கட்டுரை வேணும் சார். எதுக்கு எதை வாங்கணும், எப்படி ரொம்ப நாள் உழைக்க வைக்கணும்னு. எண்ணூறு வார்த்தைக்குள்ள, போரடிக்காம எழுதிடுங்க" என்றார். மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, மின்விசிறியோடு வரும் கையேடுகளை எழுதுவது என் பிழைப்பு. உலகத்திலேயே அதிகம் அச்சாகி, யாருமே படிக்காத எழுத்தாளன் நான். யாரோ ஒருவர் என்னிடம் கேட்டு வாங்குகிறார் என்றதும் தலைகால் புரியவில்லை.

இப்படித் தொடங்கினேன்:

சுவர்க் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் சாதாரண பேட்டரியே போதும். மோட்டார் ஓடுகிற பொம்மைக்கு ஆல்கலைன் வாங்குங்கள், அல்லது சார்ஜ் செய்கிற வகை. பழையதையும் புதியதையும் ஒரே சாதனத்தில் கலந்து போடாதீர்கள். பொம்மையில் ஓய்ந்துபோனதைத் தூக்கி எறிவதற்கு முன் கடிகாரத்தில் போட்டுப் பாருங்கள், இன்னும் சில வாரம் ஓடும். காது கேட்கும் கருவியின் பேட்டரியைப் பொறுத்தவரை, அதன் மேலுள்ள ஸ்டிக்கரை

அந்த வாக்கியம் அப்படியே நிற்கிறது. முடிக்க வரவில்லை.

2

வேறு மாதிரி தொடங்கிப் பார்க்கிறேன்.

ஒரு லிஃப்ட் மெக்கானிக் இருந்தார். [பெயர் வைக்கவில்லை. வைத்தால் அந்தப் பெயர்க்காரர் யாராவது சண்டைக்கு வருவார்.] அவர் மனைவி தையல்காரி. அவளுக்கு இடது காது அறவே கேட்காது. வலது காது கருவி இருந்தால் கேட்கும். கருவிக்குள் போகும் பேட்டரி சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. அதன் முதுகில் ஒரு குட்டி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஊசி குத்திக் குத்தி மரத்துப்போன விரல்களால் அதை உரிப்பது அவளுக்குப் பெரும்பாடு.

"கழுத்துப்பட்டியைக்கூடத் தைச்சிருவேன், இந்த ஸ்டிக்கர் என் உயிரை வாங்குது" என்றாள் ஒருநாள்.

மெக்கானிக்குக் கேட்கப் பொறுக்கவில்லை. அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். புதுப் பாக்கெட்டைப் பிரித்து, ஆறு பேட்டரியின் ஸ்டிக்கரையும் ஒவ்வொன்றாக உரித்து, மாத்திரை டப்பாவில் போட்டு, அவளுடைய மெஷின் பக்கத்தில் வைத்தார். அவள் வந்து பார்த்துச் சிரித்த சிரிப்பில் அவர் இரண்டு நாள் மிதந்தார்.

[இங்கே கட்டுரையாளன் குறுக்கிடுகிறேன். அந்த வகை பேட்டரி காற்றை உறிஞ்சித்தான் வேலை செய்யும். ஸ்டிக்கர்தான் அதன் மூடி. உரித்த நிமிடமே செலவு தொடங்கிவிடும், கருவியில் போட்டாலும் போடாவிட்டாலும். திரும்ப ஒட்டினாலும் பெரிய பலனில்லை. தேவைப்படும்போது ஒன்றை மட்டும் உரித்து, ஐந்து நிமிடம் காற்றாட வைத்து, பிறகு கருவியில் போட வேண்டும். பாக்கெட்டின் பின்னால் இதெல்லாம் பொடி எழுத்தில் இருக்கிறது.]

3

முதல் இரண்டு பேட்டரி ஒழுங்காக உழைத்தன. மூன்றாவது நாலே நாளில் படுத்துவிட்டது. "இந்தத் தடவை சரக்கே சரியில்ல" என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு இருவரும் அதோடு விட்டுவிட்டார்கள். ஐந்தாவது வாரம், ஒரு காலை, அவர்களுடைய மகள் வானொலியில் முதன்முதலாகச் செய்தி வாசிக்கப் போகிறாள். பத்து மணிக்கு. ஐந்தே நிமிடம், நேரலையில்.

மெக்கானிக் முதல் நாளே ரேடியோவுக்கு ஒரே பாக்கெட்டிலிருந்து நான்கு புது பேட்டரி போட்டு, இரண்டு முறை சோதித்தும் பார்த்துவிட்டார். ஒன்பதே முக்காலுக்கு மனைவியின் காதில் கருவி 'கீங்' என்று எச்சரித்து அடங்கியது. டப்பாவிலிருந்து அடுத்ததைப் போட்டாள். சத்தமில்லை. கடைசி ஒன்றையும் போட்டாள். அதுவும் இல்லை. அவரைப் பார்த்தாள்.

"எல்லாமே செத்துப்போச்சுங்க."

கடை திறப்பதே பத்தரைக்கு. அக்கம்பக்கத்தில் வேறு யாரும் கருவி மாட்டுவதில்லை. அவள் கைகளை மடியில் கோத்துக்கொண்டு, "பரவாயில்ல, நீங்க கேளுங்க. எனக்கு அப்புறமா சொல்லுங்க" என்றாள்.

"அப்புறமா என்ன அப்புறமா?" என்றார் மெக்கானிக். நாற்காலியை இழுத்து, முழங்கால் இடிக்கிற மாதிரி அவளெதிரே போட்டு உட்கார்ந்தார். ரேடியோவைத் தன் காதருகே வைத்துக்கொண்டார். அவளுக்கு உதடு தெரிய வேண்டுமென்று பதினோரு வருடமாக மீசை வைக்காதவர். [முதல் வரைவில் முறுக்கு மீசை கொடுத்திருந்தேன். இந்த இடம் வந்ததும் திரும்பிப் போய் மழித்துவிட்டேன்.]

பத்து மணி. மகள் வாசித்தாள். இரண்டு சொல் பின்தங்கி அவர் வாசித்தார். மேம்பாலப் பணி, குடிநீர்க் குழாய் உடைப்பு, நகரசபைக் கூட்டம். ஒரு இடத்தில் மகள் தடுக்கினாள். அவர் அதை ஒளிக்கவில்லை. "தட்... தட்பவெப்பநிலை" என்று தானும் தடுக்கினார்.

"பதட்டப்படுறா பாருங்க" என்றாள் அவள், கண்ணில் நீரும் சிரிப்புமாக.

வானிலை முடிந்தது. வணக்கம் சொன்னாள் மகள். கடைசியாக அவர் உதடுகள் சொன்னது இது: "அம்மா, கேட்டுச்சா?"

அவள் ரேடியோவைப் பார்த்துத் தலையாட்டினாள்.

4

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். லிஃப்டின் ஒயரெல்லாம் கைரேகை மாதிரி தெரிந்த மனிதர் ஆறு ஸ்டிக்கரை இப்படி உரிப்பாரா? வாசகர் நம்ப மாட்டார். மாற்று முடிவுகள் இரண்டு யோசித்தேன். ஒன்று, ஓடிப்போய்க் கடைக்காரரை எழுப்பிக் கூட்டிவருகிறார், சரியாகப் பத்துக்குக் கருவி உயிர்பெறுகிறது. சினிமா. இன்னொன்று, மனைவி கோபித்துக்கொண்டு

இல்லை. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்குத் தெரியும்.

5

உரித்தவன் நான்தான். லிஃப்டுக்கும் எனக்கும் ஏறி இறங்குவதைத் தவிர சம்பந்தமில்லை. ஊருக்கெல்லாம் "பயன்படுத்தும் முன் கையேட்டைப் படிக்கவும்" என்று எழுதுகிற நான் ஒரு பாக்கெட்டின் முதுகைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்கே பாக்கெட்டைப் படித்துக்காட்டி மன்னிப்புக் கேட்டேன். "எனக்காக யாரு உக்காந்து ஒண்ணொண்ணா உரிப்பாங்க? பேட்டரி போனா போகுது" என்றாள். முப்பது வருடத்தில் அவளுக்கு நான் செய்த தப்புகளையெல்லாம் அவள் இப்படித்தான் வரவேற்றிருக்கிறாள். அவளுக்கு நன்றி சொல்லி எனக்குத் தீராது.

மகள் அன்று மாலையே ஒலிப்பதிவை அனுப்பிவிட்டாள். நான்கு மாதமாக அது இவள் போனில் கிடக்கிறது, தொடவே இல்லை. "நான்தான் கேட்டுட்டேனே" என்கிறாள். வருகிறவர்களிடமெல்லாம் கடைசி வரியைச் சொல்கிறாள்: "ரேடியோவுலயே என்னைக் கேட்டாங்க, அம்மா கேட்டுச்சான்னு."

மகள் அப்படிக் கேட்கவில்லை. செய்தியில் யாராவது கேட்பார்களா? வணக்கத்தோடு முடிந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்தேன். என் உதடு தானாக அசைந்துவிட்டது.

6

நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிப்பவள் அவள்தான், பென்சிலோடு. இப்போதும் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். மீசையைப் பற்றிய இடத்தில் சிரித்தாள். மூன்றாம் பகுதியில் 'அம்மா, கேட்டுச்சா?' என்ற வரியில் பென்சில் நின்றது. கோடும் போடவில்லை, அடிக்கவும் இல்லை. ஐந்தாம் பகுதி என் முழங்கைக்கு அடியில் இருக்கிறது.

கருவி 'கீங்' என்றிருக்க வேண்டும். கழற்றினாள். பாக்கெட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள். நான் கை நீட்டினேன்.

"நானே உரிச்சுக்கறேன்" என்று நகத்தால் நெம்பி நெம்பி உரித்தாள். பேட்டரியைக் காற்றாட வைத்தாள், அந்த வரியின் மேலேயே. "அஞ்சு நிமிஷம்தானே?"

தலையாட்டினேன். பக்கத்தில் அவளுடைய போன் இருக்கிறது, பதிவோடு. என் முழங்கைக்கு அடியில் காகிதம் இருக்கிறது. பேட்டரி தயாரானதும் அவள் எதைக் கேட்கப் போகிறாள், நான் எதைக் கொடுக்கப் போகிறேன் என்பதை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். எண்ணூறு வார்த்தை எப்போதோ தாண்டிவிட்டது.

ஒன்று மட்டும் எழுதிவிடுகிறேன். அவள் எழுந்து, நாற்காலியை இழுத்துவந்து, முழங்கால் இடிக்கிற மாதிரி எனக்கெதிரே போட்டுக்கொண்டாள். என் உதட்டைப் பார்க்கிறாள்.

"சொல்லுங்க" என்கிறாள்.